கால் பங்கு ஜெனித்: தோவாளை வயலில் ஒரு குட்டி விமானம்

ஜெனித் சி.ஹெச். 701 விமானத்தை அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சதுர உடம்பு, தடித்த இறக்கை, இறக்கைக்கு முன்னால் தனியாக நிற்கும் ஒரு பட்டை, பின்னால் தொங்கும் இன்னொரு பட்டை. ஆனால் ஒரு சின்ன வயல் கிடைத்தால் போதும், அதில் ஏறி அதிலேயே இறங்கிவிடும். 1980களில் கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்தது. பாகங்களைக் கிட்டாக வாங்கி, வீட்டுக் கொட்டகையில் அலுமினியத் தகட்டை மடக்கி ரிவெட் அடித்துச் சேர்த்து, தானே ஓட்டுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். நம் நாட்டு என்.சி.சி. விமானப் பிரிவிலும் இது ‘ஜென் ஏர்’ என்ற பெயரில் பறந்திருக்கிறது.

முழு அளவில் ஒன்று கட்ட ஆசை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் வேலையின் பெரும்பங்கை, அவர்கள் பேச்சில் 51 சதவீதத்தை, சொந்தமாகச் செய்தால் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று தனிச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். ஆலப்புழைக்காரரான அசோக் தாமராட்சன் இங்கிலாந்தில் ஸ்லிங் டி.எஸ்.ஐ. கிட் ஒன்றைக் கட்டி 2022இல் ஐரோப்பாவைச் சுற்றினார். மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியிலேயே விமானம் கட்டினார். அதற்குப் பதிவு எண் வாங்கப் பல வருடம் போராடி 2017இல்தான் கிடைத்தது. என் பையில் இருந்த காசுக்கும் பொறுமைக்கும் கால் பங்கு அளவுதான் கட்டுபடியாகும் என்று தெரிந்தது. ஆள் ஏற முடியாது, ரிமோட்டில் பறக்கும். ஆனால் ரிப் (இறக்கையின் விலா), ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் தாங்கு சட்டம்), சி.ஜி. (எடை சமமாக நிற்கும் புள்ளி), சுமைச் சோதனை என்று பெரிய விமானத்தில் உள்ள தலைவலி எல்லாம் இதிலும் உண்டு.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2021 ட்ரோன் விதிகள்படி, 25 கிலோவுக்குள், பொழுதுபோக்கு, கல்வி, ஆய்வு மாதிரியான காரியங்களுக்காகக் கண்பார்வைக்குள் மட்டும் பறக்கிற ரிமோட் விமானம் ‘மாடல்’ என்ற வகைக்குள் வரும். பறப்பதற்கு முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்கள். பச்சையில் 400 அடிதான் உச்சம். இஸ்ரோ மையம் உள்ள மகேந்திரகிரியும் அணுமின் நிலையம் உள்ள கூடங்குளமும் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும்போது, குமரி மாவட்டத்துக்காரர்கள் இதைப் பார்க்காமல் இருக்கவே கூடாது. காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

இனி கணக்கு. நிஜ 701-க்கு இறக்கையின் நீளம் 27 அடி, பரப்பு 122 சதுர அடி. நீளத்தை நான்கால் வகுத்தால் 2.06 மீட்டர். பரப்பை 16-ஆல் வகுக்க வேண்டும், 0.71 சதுர மீட்டர் வரும். எடையை 64-ஆல் வகுக்க வேண்டும். நிஜ விமானம் ஆளும் பெட்ரோலுமாக 1,100 பவுண்டு, அதாவது சுமார் 500 கிலோ. அப்படியானால் மாடல் 7.8 கிலோ வரை இருக்கலாம் என்று கணக்கு சொல்லும். அதை நம்பக் கூடாது. சின்ன இறக்கையில் காற்று அவ்வளவு நன்றாக வேலை செய்யாது. நான் வைத்த இலக்கு 4.5 கிலோ. அந்த எடைக்கு ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்காமல் விட்டுவிடும் வேகம், மணிக்கு 30 கிலோமீட்டர் பக்கத்தில் வரும். 6 கிலோ ஆனால் அந்த வேகம் 15 சதவீதம் கூடும். கேட்க அற்பமாகத் தெரியலாம். ஆனால் தரையைத் தொடும்போது உள்ள ஆற்றல் எடையோடும், வேகத்தின் வர்க்கத்தோடும் பெருகுகிறது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் 78 சதவீதம் அதிகம். முன்சக்கரம் பிய்ந்து போவதற்கு அது போதும்.

அதனால் சமையலறைத் தராசு ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன். பால்சா என்ற லேசான மரத்தின் தாள்களைத்தான் முதலில் நிறுத்தேன். 3 மில்லிமீட்டர் தடிமன், ஒரு மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம் என்று எல்லாம் ஒரே அளவு. எடையோ 36 கிராமில் தொடங்கி 58 வரை போனது. லேசானதை வாலுக்கு, நடுத்தரத்தை ரிப்புக்கு, கனமானதை உடம்பின் முன்பக்கத்துக்கு என்று பென்சிலால் குறித்துப் பிரித்தேன். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு, பிறகு வாலின் கனத்தைச் சரிக்கட்ட மூக்கில் ஈயம் ஒட்டுகிறவர்கள் நிறைய.

ரிப்புகளை வெட்டியது நாகர்கோவிலில் அக்ரிலிக் பெயர்ப்பலகை செய்யும் ஒரு லேசர் கடையில். மொத்தம் 24. கடைக்காரர் கணினியில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “இது என்ன, நெய்மீன் துண்டமா?” என்று கேட்டார். லேசர் கற்றையே சுமார் 0.2 மில்லிமீட்டர் மரத்தைத் தின்றுவிடும். ஸ்பார் உட்காரும் பள்ளத்தை அந்த அளவு குறைத்து வரைந்து கொடுத்தால்தான் இறுக்கமாக வரும். வெட்டிய விளிம்பு கரிந்திருக்கும். கரியின் மேல் பசை பிடிக்காது என்பதால் ஒட்டுகிற இடத்தை மட்டும் லேசாக உப்புத்தாள் போட வேண்டும்.

ஸ்பாருக்கு ஸ்ப்ரூஸ் மரம் இங்கே கிடைக்காது. வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிகளை உடைத்து விற்கிறார்களே, அதில் கணு இல்லாத, ரேகை நேராக ஓடும் சட்டங்களைப் பொறுக்கினோம். தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரிதான் கூட வந்தார். பலகையின் ரேகையைப் பார்த்தே இது பிளக்கும், இது வளையும் என்று சொல்லிவிடுவார். அந்தக் கண் எனக்கு இல்லை. 10-க்கு 5 மில்லிமீட்டரில் மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இரண்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் பால்சா சுவர். அந்தச் சுவரின் ரேகை செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கை வசமாக வைத்தால் இறக்கை வளையும்போது ரேகையோடு பிளந்துவிடும்.

ரேகை விஷயத்தில் ஆசாரி உடனே தலையாட்டினார். சட்டத்தின் அளவில்தான் தகராறு.

“பத்துக்கு அஞ்சா? வெத்தல பாக்குப் பெட்டிக்கே இத விடக் கூடப் போடுவோம். பதினஞ்சுக்குப் பத்தாக் கெடக்கட்டு மக்ளே.”

“கணக்குப் போட்டாச்சு அண்ணே. இது தாங்கும்.”

“தாங்கும்னா சரி. ஒடஞ்சா எம்பேரச் சொல்லாத.”

அவரைக் குறை சொல்ல முடியாது. கதவு, கட்டில், நிலை என்று அவர் கையில் வரும் எதற்கும் எடை ஒரு குற்றம் கிடையாது. கனம் என்றால் தரம். உடம்புக்கான 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வரிசையாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்தபோதும் அவருக்கு மனசு பொறுக்கவில்லை. “காசு குடுத்து வாங்குன பலகையில பாதிய குப்பைக்கு அனுப்புதிய” என்றார். 701-இன் உடம்பு தட்டையான பலகைகளால் ஆன பெட்டி என்பதால் மாடல் செய்வது சுலபம். விளிம்புகளில் விசை ஓடும், நடுவில் அவ்வளவாக ஒன்றும் இல்லை; அதனால் நடுவைத் தோண்டி எடுக்கலாம். ஓட்டையின் மூலைகளை மட்டும் வளைவாக விட வேண்டும், கூர்மையாக விட்டால் அங்கிருந்து விரிசல் ஓடும். ஃபெவிகாலைக் கூட அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பிதுங்கி வழிந்தால்தான் ஒட்டியது என்பது அவர் கணக்கு. எனக்கு விரலால் தடவி வழித்தெடுத்தது போக மிஞ்சியது போதும்.

மூக்கு மூடிக்கு, அதாவது மோட்டாரை மூடும் கௌலிங்குக்கு, குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளம் செய்கிற ஒருவரிடம் போனேன். தெர்மாக்கோலில் வடிவம் செதுக்கி எடுத்துப் போயிருந்தேன். பார்த்ததும், “ரெசின் பட்டா இது கரஞ்சு போவும்” என்று சொல்லி, பிரவுன் டேப்பை அதன் மேல் சுருக்கமில்லாமல் சுற்றி, மெழுகு பூசினார். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாக்கோலைக் கரைத்துவிடும். எபாக்ஸி என்றால் அந்தப் பயம் இல்லை, ஆனால் வள்ளப் பட்டறையில் அந்த விலைக்கு யாரும் எபாக்ஸி வாங்கி வைப்பதில்லை. அவர்களிடம் இருப்பது சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட். நான் ஒரு அடுக்கு போதும் என்றேன்.

“ஒரு மேட்டு கூடக் கெடக்கட்டு. கடலு சும்மா விடாது.”

“இது கடல்ல போகாது அண்ணே.”

“எங்க போனாலும் ஒரு நாளு மோதத்தான செய்யும்.”

இரண்டு அடுக்கு போட்டுக் கொடுத்தார். வழவழவென்று, தட்டினால் டங்கென்று சத்தம். 410 கிராம். வீட்டுக்கு வந்து அதே அச்சில் 160 கிராம் நெய்த கண்ணாடித் துணி இரண்டு அடுக்கும் எபாக்ஸியும் வைத்து நானே இன்னொன்று செய்தேன். பெயின்ட்டோடு 130 கிராம். அவர் செய்ததைப் பரண் மேல் ஏற்றி வைத்தேன். அதை எறியாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று, பிறகு சொல்கிறேன்.

இறக்கை மேல் போர்த்தும் சுருங்கு ஃபிலிமை இஸ்திரிப் பெட்டியாலேயே ஒட்டினேன். முதலில் சூட்டைக் குறைத்து விளிம்புகளை மட்டும் பிடிக்க வைத்து, அப்புறம் சூட்டைக் கூட்டி நடுவை இழுக்க வேண்டும். மேலும் கீழும் மாற்றி மாற்றிச் செய்யாவிட்டால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். நம் ஊர் ஈரக் காற்றில் மழைக்காலம் வந்தால் ஃபிலிம் தொய்ந்துவிடும், திரும்ப ஒரு இழுப்பு தேவை. கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு என்றால் சர்வோ (பட்டைகளை அசைக்கும் குட்டி மோட்டார்) இணைப்பு முனைகளிலும் இரும்புக் கம்பிகளிலும் உப்பு பிடிப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுமைச் சோதனை எனக்குப் பிடித்த கட்டம். பெரிய விமானத்துக்கு மணல் மூட்டை வைப்பார்கள். எனக்கு ஒரு கிலோ உப்பு பாக்கெட். விமானத்தைத் தலைகீழாக இரண்டு பெஞ்சுக்கு நடுவில் வைத்து, இறக்கையையும் தாங்கு குழாய்களையும் பூட்டினோம். தலைகீழாக வைத்தால் மேலே தூக்கும் விசைக்குப் பதிலாக எடை அதே திசையில் வேலை செய்யும். நான்கு மடங்கு சுமைக்குச் சோதிக்க வேண்டும். விமானம் 4.5 கிலோ, அதில் இறக்கை மட்டும் ஒரு கிலோ; பறக்கும்போது இறக்கையின் எடையைக் காற்று அந்தந்த இடத்திலேயே தாங்கிவிடும், ஸ்பாரை வளைக்காது. ஆக, மீதி 3.5-ஐ நான்கால் பெருக்கி 14 பாக்கெட். நடுப்பக்கம் நெருக்கமாகவும் நுனிப்பக்கம் இடைவெளி விட்டும் அடுக்கினோம். ஆசாரி பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். கடைசி பாக்கெட் வைத்தபோது நுனி 11 மில்லிமீட்டர் இறங்கியது. எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தது. அவர் குனிந்து ஸ்பாரைத் தடவிப் பார்த்துவிட்டு, “சரி, பத்துக்கு அஞ்சு போதும்” என்றார். அதற்கப்புறம் என்னிடம் தடிமனைப் பற்றி அவர் பேசவே இல்லை.

மின்சாரப் பக்கம் வழக்கமான கதைதான். 400 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 400 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 16-க்கு 8 அங்குல புரொப்பெல்லர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 80 ஆம்பியர் இ.எஸ்.சி., ஆறு செல் 5,000 எம்.ஏ.ஹெச். பேட்டரி. முழு விசையில் 950 வாட் பக்கம் எடுக்கும், இந்த எடைக்குத் தாராளம். லிப்போ பேட்டரியை சிமென்ட் தரையில் வைத்து, கூடவே இருந்து சார்ஜ் போடுங்கள். பறக்காத வாரங்களில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் விட்டு வையுங்கள். சிக்னல் போனால் மோட்டார் தானாக நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள்.

701-இல் தனித்துப் பேச வேண்டிய ஒன்று அதன் செங்குத்து வால். பொதுவாக வாலின் பின்பாதி மட்டும் அசையும். இதில் முழு வாலுமே அசைகிறது. பெரிய விமானத்தில் அது மெதுவான வேகத்திலும் திருப்பம் தருவதற்கு. மாடலில் அது ரொம்பவே கூர்மையாக வேலை செய்யும் என்பதால் அசைவைப் பக்கத்துக்கு 15 டிகிரியோடு நிறுத்தினேன்.

எல்லாவற்றையும் பூட்டி நிறுத்தபோது 4.4 கிலோ. சந்தோஷம் அதிக நேரம் நீடிக்கவில்லை. இறக்கையின் அகலம் 344 மில்லிமீட்டர், சி.ஜி. அதில் 28 சதவீதத்தில், அதாவது முன்விளிம்பிலிருந்து 96 மில்லிமீட்டரில் விழ வேண்டும். விழுந்தது 118-இல். வால் கனம். இந்த ரக விமானத்துக்கு மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராம் வைத்துத்தான் சரிக்கட்ட முடியும். பேட்டரியை ஏற்கெனவே மோட்டாருக்குப் பின்னால் உள்ள தீச்சுவர் வரை தள்ளியாகிவிட்டது. 22 மில்லிமீட்டரை 4.4 கிலோவால் பெருக்கி, மூக்கு வரையிலான 330-ஆல் வகுத்தால் 290 கிராம் ஈயம் வேண்டும்.

வள்ளக்காரர் செய்த மூடிக்கும் நான் செய்த மூடிக்கும் உள்ள வித்தியாசம் 280 கிராம்.

பரணிலிருந்து அதை இறக்கிப் பூட்டினேன். சி.ஜி. 97-இல் வந்து நின்றது. ஈயமாக வைத்திருந்தால் அது வெறும் சுமை. இது சுமையாகவும் இருக்கிறது, மோதினால் மோட்டாரைக் காப்பாற்றவும் செய்யும். எடையைக் குறை, குறை என்று எல்லாரிடமும் மல்லுக்கு நின்ற எனக்கு, கூடுதல் எடை எங்கே இருக்கலாம் என்பதை அவர் தெரியாமலே செய்து கொடுத்திருக்கிறார். மொத்தம் 4.68 கிலோ. சரி, பரவாயில்லை.

பறக்க இடம். இந்த மாவட்டத்தில் எங்கே பார்த்தாலும் தென்னை. மேற்கே போனால் ரப்பர். சுசீந்திரம், தேரூர் குளப் பக்கம் வெட்டவெளி உண்டுதான், ஆனால் அது பறவைகளுக்கான இடம், 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே விமானத்தோடு போகவே கூடாது. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, அடுத்த கன்னிப்பூ சாகுபடிக்கு உழுவதற்கு முன்னால் தோவாளைப் பக்கம் வயல்கள் காய்ந்து கிடக்கும். பையன்கள் கிரிக்கெட் பிட்ச் போட்டிருப்பார்கள். அந்தப் பிட்ச்தான் ஓடுதளம். வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு விடிகாலையில் போனோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயை வைத்துக்கொண்டு காற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் அங்கே ஒரு வசதியும் உண்டு. முப்பந்தல் காற்றாலைகள் வயலில் இருந்தே தெரியும். அவை பொதுவாகக் காற்று நொடிக்கு 3 மீட்டரைத் தாண்டினால்தான் சுற்ற ஆரம்பிக்கும். அதுவும் அவ்வளவு உயரத்தில். தரையில் இன்னும் குறைவாகத்தான் இருக்கும். காற்றாலை இறக்கைகள் நின்றுகொண்டிருந்தால் விமானத்தைப் பறக்க விடலாம். சுற்றத் தொடங்கினால் பேட்டரியைக் கழற்ற வேண்டியதுதான். காசு கொடுத்து வாங்கிய காற்றுமானியை அதற்கப்புறம் நான் எடுத்துப் போனதே இல்லை.

பையன்களைக் கயிறு கட்டி எனக்குப் பின்னால் நிறுத்தினோம். 16 அங்குல புரொப்பெல்லர் விரலைக் கேட்டுக்கொண்டு வெட்டாது. ஃப்ளாப், அதாவது பின்பட்டை, பாதி இறக்கம்; விசை முக்கால். பிட்ச் நீளம் கூட ஓடவில்லை, எழும்பிவிட்டது. எழும்பியதும் மூக்கு ரொம்ப மேலே போனது. ஃப்ளாப் இறக்கினால் இந்த இறக்கைக்கு அப்படித்தான். கீழ் ட்ரிம் கொடுத்து, ஃப்ளாப்பை எடுத்து, அகலமாக ஒரு சுற்று. ஒரு செம்பருந்து கொஞ்ச தூரம் கூடவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

திரும்பும்போது ரிமோட்டில் இறக்கையைச் சாய்க்கும் குச்சியை மட்டும் தள்ளினால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. பின்னால் தொங்கும் அந்த நீளப் பட்டைகளின் குணம் அது. பட்டை கீழே இறங்குகிற பக்கம் காற்றைப் பிடித்து இழுக்கும். வாலையும் சேர்த்து அசைத்தால் சொன்னபடி கேட்கிறது. ரிமோட்டில் இரண்டையும் இணைக்க வசதி உண்டு, ஆனால் கையாலேயே செய்து பழகுவது மேல்.

இறங்கும்போதுதான் முன்பட்டையின் விலை தெரிகிறது. ஸ்லாட் எனப்படும் அந்தப் பட்டை மெதுவான வேகத்தில் இறக்கையைக் காப்பாற்றுகிறது, அதே நேரத்தில் எப்போதும் காற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. மோட்டாரை நிறுத்தினால் சறுக்கி வராது, பொத்தென்று இறங்கும். நிஜ 701 ஓட்டுகிறவர்களும் தரையைத் தொடும் வரை கொஞ்சம் விசை வைத்திருக்கச் சொல்வார்கள். நானும் கால்வாசி விசையோடு கொண்டுவந்து, முழங்கால் உயரத்தில் குறைத்தேன். பெரிய பஞ்சு டயர்கள் தாள்கட்டைகளின் மேல் குதித்து நின்றன.

சில பறப்புகளுக்குப் பிறகு ஸ்லாட்டைக் கழற்றிப் பார்த்தேன். வெளிநாட்டில் 701 வைத்திருப்பவர்களில் பலர் அதை எடுத்துவிட்டு, இறக்கையின் மேல் வரிசையாகக் குட்டித் துடுப்புகள், வோர்டெக்ஸ் ஜெனரேட்டர்கள், ஒட்டிக்கொள்கிறார்கள். ஸ்லாட் இல்லாமல் என் விமானம் மணிக்கு 35 கிலோமீட்டரிலேயே ஸ்டால் ஆகிறது, இருந்தபோது 30. ஆனால் அதே விசையில் கூடுதல் வேகம் போகிறது, சறுக்கியும் வருகிறது. கழற்றும்போது சி.ஜி. பின்னால் நகரும் என்பதை மறக்க வேண்டாம். பட்டையின் 140 கிராம் இறக்கைக்கு முன்னால் இருந்த எடை.

குட்டித் துடுப்புகளைப் பழைய பிளாஸ்டிக் கோப்பு அட்டையில் வெட்டி வைத்திருக்கிறேன். ஒட்டிப் பறந்து பார்க்க இந்தப் பருவத்தில் நேரமில்லை. வயலில் உழவு தொடங்கிவிட்டது, ஜூனில் கணவாய்க் காற்றும் வந்துவிடும். செப்டம்பர் வரை காற்றாலைகள் நிற்காது.